ஆடு திருடி சிட்னி போன ஐரிஷ்காரரும், எங்க பாட்டி சொன்ன சர்க்கார் கப்பலும்: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஈசூன்_வாசி:

வணக்கம் எல்லாருக்கும். இங்க வரலாறு படிச்சவங்க, பழைய ரெக்கார்டு தேடி பழக்கம் உள்ளவங்க இருக்கீங்க, அதான் கேக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எங்க ஆபீஸ்ல ஒரு ஆஸ்திரேலியாக்காரர் இருக்காரு. போன வாரம் லஞ்சுக்கு கோப்பிக்கடைல உக்காந்திருக்கும்போது பேச்சு எங்கெங்கயோ சுத்தி குடும்பம் பக்கம் வந்துச்சு, உடனே போனை எடுத்து ஒரு பழைய பேப்பர் போட்டோ காட்டுனாரு. அவரோட தாத்தாவுக்கு தாத்தா, அயர்லாந்துல கார்க் பக்கத்து கிராமத்து ஆளு. செம்மறி ஆடு ஒண்ணு திருடிட்டாருன்னு 7 வருஷம் தண்டனை குடுத்து 1837ல கப்பல்ல ஏத்தி சிட்னிக்கு அனுப்பிட்டாங்களாம். அந்த பேப்பர்ல அவரைப் பத்தி ஒரே ஒரு வரிதான், ஆனா அந்த ஒரு வரில ஆளையே பாத்துடலாம். வயசு 22. உயரம் 5 அடி 4 அங்குலம். முகமெல்லாம் செம்புள்ளி. இடது கட்டைவிரல்ல வெட்டுக்காயத் தழும்பு. எழுதப் படிக்கத் தெரியாது. தொழில்ங்கிற எடத்துல "ஏர் ஓட்டுவான், கதிர் அறுப்பான், பால் கறப்பான்"னு எழுதியிருக்கு. இதை பெருசா பிரிண்ட் போட்டு பிரேம் பண்ணி வீட்டு ஹால்ல மாட்டி வச்சிருக்காராம். திருடன்னு தெரிஞ்சும்!

இத கேட்டதுலருந்து எனக்கு மனசு சரியில்ல. ஏன்னா எங்க அப்பாவழி பாட்டி (இப்ப இல்ல, தவறி பத்து வருஷமாச்சு) ஒரு வார்த்தை அடிக்கடி சொல்லுவாங்க, "எங்க பாட்டன் ஒண்ணும் உங்கள மாதிரி கங்காணி கப்பல்ல வரல, சர்க்கார் கப்பல்ல வந்தாரு"ன்னு. சின்ன வயசுல நாங்க அத பெருமையா நெனச்சோம், கவர்மென்ட் உத்தியோகத்துக்கு வந்தாரு போலன்னு. எந்த ஊர்லருந்து வந்தாரு எந்த வருஷம் வந்தாருன்னு கேட்டா மட்டும் பாட்டி பேச்ச மாத்திடுவாங்க. இப்ப யோசிச்சா வேற மாதிரி தோணுது.

அதனால கேக்குறேன், ஒரு ஆட்டுக்காகவா ஒரு மனுசன உலகத்தோட அந்தக் கோடிக்கு அனுப்புனாங்க? அங்க போய் அவங்க எப்படி வாழ்ந்தாங்க, 7 வருஷம் முடிஞ்சதும் ஊருக்கு திரும்புனாங்களா? அதே மாதிரி நம்ம ஆளுங்களும் சிங்கப்பூருக்கு கைதியா வந்தாங்களா, வந்திருந்தா எங்க தேடுறது?


சிட்னில_இருந்தவ:

தம்பி, நான் சிட்னில ஆறு வருஷம் இருந்தேன், படிச்சதும் அங்கதான், அதனால முதல் பாதிக்கு என்னால பதில் சொல்ல முடியும்.

ஒரு ஆட்டுக்காகவான்னு கேட்டீங்க. ஆமா, ஆட்டுக்கு, பன்னிக்கு, ஒரு மூட்டை துணிக்கு, கைக்குட்டைக்கு கூட. உங்க கூட வேலை பாக்குறவரோட தாத்தா 1837ல போனதால 7 வருஷத்தோட போச்சு, 1832 வரைக்கும் ஆடு திருடுனா சட்டப்படி தூக்கு. நெறைய பேருக்கு தூக்கு தீர்ப்பு குடுத்துட்டு அப்புறம் இரக்கம் காட்டுற மாதிரி அத நாடுகடத்தலா மாத்துவாங்க. அந்தக் காலத்துல நீண்டகாலம் ஆளுங்கள உள்ள வச்சு சோறு போடுற மாதிரி பெரிய ஜெயில் கிடையாது, ஒண்ணு தூக்கு இல்ல கப்பல். முன்னாடி அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க, அமெரிக்கா கைய விட்டு போனதும் வேற எடம் தேடி 1788ல சிட்னி. அயர்லாந்துலருந்து நேரா போன முதல் கைதிக் கப்பல் 1791ல கார்க் துறைமுகத்துலருந்து கெளம்புச்சு. கடைசி கப்பல் 1868 ஜனவரில மேற்கு ஆஸ்திரேலியாவுல போய் சேந்துச்சு. இந்த 80 வருஷத்துல மொத்தம் கிட்டத்தட்ட 1,60,000 பேர், அதுல நாலுல ஒரு பங்கு ஐரிஷ்காரங்க.

இங்கிலாந்துலருந்து போனவங்கள்ல டவுன்ல பிக்பாக்கெட் அடிச்சு பழகினவங்க ஜாஸ்தி. ஐரிஷ்காரங்க பெரும்பாலும் கிராமத்து விவசாயக் கூலிங்க, அதுவரைக்கும் கோர்ட்டு வாசப்படி மிதிக்காதவங்க நெறைய. நெலம் அடுத்தவன் கைல, குத்தகை கட்டணும், சாப்பாடு உருளைக்கெழங்கு மட்டும்தான், அதுவும் வெயில் காலத்துல பழைய கெழங்கு தீந்து புதுசு விளையறதுக்குள்ள ரெண்டு மூணு மாசம் வயிறு காயும். அப்ப பக்கத்து மேட்டுல ஒரு ஆடு மேயுதுன்னா என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா.

தீர்ப்பு ஆனதும் உடனே கப்பல் ஏத்த மாட்டாங்க. துறைமுகம் பக்கத்துல பழைய கப்பல்ல, இல்ல கோட்டைல அடைச்சு வச்சு மாசக்கணக்குல காக்க வைப்பாங்க. அந்த நேரத்துலதான் பொண்டாட்டிங்க மனு எழுதுவாங்க, எழுதத் தெரியாததால யாரயாவது விட்டு எழுதச் சொல்லி கீழ ஒரு பெருக்கல் குறி போட்டு. "என் புருஷன விட்டுடுங்க"ன்னு, இல்லாட்டி "என்னையும் பிள்ளைங்களையும் கூட அனுப்பிடுங்க"ன்னு. அந்த மனுவெல்லாம் டப்ளின்ல இன்னும் பத்திரமா இருக்கு. 1836க்கு முந்தின கைதிப் பதிவேடுங்க 1922ல அங்க நடந்த சண்டைல எரிஞ்சு போச்சு, அதனால பழைய கைதிங்க பல பேரப் பத்தி அயர்லாந்துல மிச்சம் இருக்கிறதே பொண்டாட்டி எழுதின அந்த மனு ஒண்ணுதான்.

கப்பல் பயணம் நாலு மாசம் பக்கம். ஆரம்ப காலத்துல ரொம்ப மோசம், 1802ல போன ஐரிஷ் கப்பல்ங்கள்ல செத்தவங்க பொணமா விழுந்துட்டே இருந்தாங்க. 1815லருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு டாக்டர், கைதிங்க உயிருக்கு அவர்தான் பொறுப்புன்னு வச்சதும் சாவு நல்லா கொறஞ்சு போச்சு. அதனால 1837ல போனவரு உயிரோட எறங்குனதுல ஆச்சரியம் இல்ல.

கப்பல் போய் சேந்ததும் அந்த பேப்பர் எழுதுறது. வரிசையா நிக்க வச்சு ஒவ்வொருத்தரா உயரம் அளந்து, சட்டைய கழட்டச் சொல்லி தழும்பு, பச்சை எல்லாம் குறிப்பாங்க, ஓடிப்போனா அடையாளம் சொல்லிப் பிடிக்கணுமே. "பால் கறப்பான்"னு எழுதுறது எதுக்குன்னா பண்ணைக்காரங்களுக்கு வேலைக்கு ஒதுக்கணும். சம்பளம் கிடையாது. மாவு, கறி, உடுப்பு, படுக்க எடம். எஜமான் தன் கையால சவுக்கால அடிக்கக் கூடாது, ஆனா மாஜிஸ்ட்ரேட் கிட்ட கூட்டிட்டு போய் "சோம்பேறி"ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், 25, 50 அடி எழுதி குடுத்துடுவாரு, பல ஊர்ல அந்த மாஜிஸ்ட்ரேட்டே பக்கத்து பண்ணைக்காரர்தான். இதுலயே தெரியும் நியாயம் எவ்வளவு கெடச்சிருக்கும்னு.

7 வருஷக்காரன் ஒரே எஜமான் கிட்ட நாலு வருஷம் ஒழுங்கா இருந்தா டிக்கெட் ஆஃப் லீவ் கெடைக்கும். அது கைல இருந்தா தனக்குன்னு கூலிக்கு வேலை பாக்கலாம், ஆனா ஒரு வட்டாரத்துக்குள்ளதான், தாண்டுனா டிக்கெட் போச்சு. முழு தண்டனையும் முடிச்சா விடுதலை சர்டிபிகேட்.

ஊருக்கு திரும்புனாங்களான்னா, சட்டப்படி திரும்பலாம். ஆனா கொண்டு போய் விட்டது சர்க்கார் செலவு, திரும்பி வர்றது உன் செலவு. ஆம்பளைங்கள்ல சிலர் கப்பல்லயே வேலைக்கு சேந்து போயிருக்காங்க. பொம்பளைங்களுக்கு அந்த வழியும் இல்ல, கிட்டத்தட்ட யாருமே திரும்பல. 7 வருஷம்னு தீர்ப்பு, நடந்தது என்னமோ ஆயுள்.

இன்னொண்ணு, சிட்னி போனா ஹைட் பார்க் பாரக்ஸ்னு ஒரு கட்டடம் இருக்கு, அவசியம் பாருங்க. 1819ல தெறந்தது, அதை வரைஞ்ச ஆர்கிடெக்டே கள்ளக் கையெழுத்து போட்டு கைதியா வந்தவர்தான். 600 பேருக்கு கட்டுனதுல ஒரு நேரம் 1400 பேர் வரைக்கும் தூளி மாதிரி துணித் தொட்டில்ல வரிசையா தொங்கிட்டு தூங்கியிருக்காங்க. பலகைத் தரைக்கு அடில எலிங்க இழுத்துட்டு போய் கூடு கட்டுன துணியெல்லாம் காஞ்சு அப்படியே இருந்திருக்கு. அதுல ஒரு கைதியோட சட்டை. கண்ணாடிக்கு பின்னாடி அந்த சட்டைய பாத்துட்டு நான் ரொம்ப நேரம் நகரவே இல்ல. ஒரு எலி காப்பாத்தி வச்சிருக்கு பாருங்க.


ஜூரோங்_ராஜா:

அக்கா சொன்னது நல்லா இருக்கு, ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ஐரிஷ் கைதின்னாலே பிரிட்டிஷ்காரன எதுத்து சண்ட போட்ட விடுதலைப் போராளிங்கதானே, அதனாலதான் பெருமையா மாட்டி வைக்கிறாங்க? அப்படி இருந்தா சரி. வெறும் திருட்டுன்னா அதுல பெருமைப்பட என்ன இருக்கு? நம்ம வீட்ல ஒருத்தர் திருடி ஜெயிலுக்கு போனா போட்டோவ ஹால்லயா மாட்டுவோம். ஈசூன் அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பாட்டி பேச்ச மாத்துனதுலயும் ஒரு அர்த்தம் இருக்கும்னு நெனைக்கிறேன், கிண்டாம விடுறது நல்லது.


சிட்னில_இருந்தவ:

ராஜா, போராளிங்களும் போனாங்க, இல்லன்னு சொல்லல. 1798ல அயர்லாந்துல நடந்த கிளர்ச்சில பிடிபட்டவங்க போனாங்க, 1804ல சிட்னி பக்கத்துல காசில் ஹில்ங்கிற எடத்துல ஐரிஷ் கைதிங்க கிளர்ச்சியே பண்ணாங்க, கடைசி கப்பல்லயும் 62 ஃபீனியன் ஆளுங்க, அதாவது அயர்லாந்து விடுதலைக்கு ரகசியமா இயக்கம் நடத்துனவங்க, இருந்தாங்க. ஆனா எண்ணிக்கைல பாத்தா பெரும்பாலானவங்க சாதாரண திருட்டு கேஸ்தான். பாட்டுல வர்றது போராளிங்க, பதிவேட்டுல வர்றது ஆடு மாடு.

ஒரு ஆள சொல்றேன், நெட் கெல்லி பேரு கேட்டிருப்பீங்க, இரும்புக் கவசம் போட்டுட்டு போலீஸோட சண்ட போட்டு 1880ல மெல்பர்ன் ஜெயில்ல தூக்குல தொங்குனவன். அவன் அப்பா ஜான் கெல்லி, டிப்பரேரிக்காரர். 1841ல ரெண்டு பன்னி திருடுனதுக்கு 7 வருஷம். டப்ளின்ல கப்பல் ஏறி 1842 ஜனவரில டாஸ்மேனியா, அப்ப அதுக்கு வான் டீமன்ஸ் லேண்டுன்னு பேரு. 1845ல டிக்கெட், 1848ல விடுதலை. ஊருக்கு திரும்பாம கடல தாண்டி விக்டோரியா பக்கம் போய், கைதியா வராம குடும்பத்தோட குடியேறுன ஒரு ஐரிஷ் பொண்ண 1850ல கட்டிக்கிட்டு, நெலம் மாடுன்னு பொழப்பு நடத்துனாரு. 1865ல பஞ்சம் மாதிரி ஒரு கஷ்ட காலத்துல வீட்ல ஒரு மாட்டுத்தோலு இருந்துச்சுன்னு திரும்பவும் ஆறு மாசம் தண்டனை. அடுத்த வருஷமே செத்துட்டாரு. மூத்த பையன் நெட்டுக்கு அப்ப ஏறக்குறைய 12 வயசு. பையனப் பத்திதான் உலகமே பேசுது, எனக்கு என்னமோ அப்பன் கதைதான் மனச பிசையுது. ரெண்டு பன்னில ஆரம்பிச்சு ஒரு மாட்டுத்தோல்ல முடிஞ்சிருச்சு.

நேர் எதிரா இன்னொருத்தர், ஜார்ஜ் பாரிங்டன், இவரும் ஐரிஷ்காரர்தான், ஆனா லண்டன்ல பெரிய மனுசன் மாதிரி டிரெஸ் பண்ணி தியேட்டர்ல பணக்காரங்க கிட்ட பிக்பாக்கெட் அடிக்கிறவரு. ரஷ்ய இளவரசர் ஒருத்தரோட வைரம் பதிச்ச பொடி டப்பாவுக்கே கை வச்சவரு. 1790ல குதிரை ரேஸ் நடந்த எடத்துல தங்க வாட்ச் அடிச்சு மாட்டி 7 வருஷம். சிட்னி போன கொஞ்ச நாள்லயே மன்னிப்பு வாங்கி சிட்னி பக்கத்துல பாராமட்டாங்கிற ஊர்ல தலைமைக் காவல் அதிகாரி ஆயிட்டாரு! கடைசில புத்தி பேதலிச்சு 1804ல செத்தாரு. திருட்டு ஒண்ணுதான், ஆனா பேசத் தெரிஞ்சவனுக்கு ஒரு வாழ்க்கை, ஏர் ஓட்டுனவனுக்கு வேற வாழ்க்கை.

பெருமை பத்தி கேட்டீங்க, ஆஸ்திரேலியாலயும் நேத்து வரைக்கும் மறைச்சாங்கதான். 1828ல அங்க எடுத்த மக்கள் கணக்குல ஒவ்வொருத்தர் பேருக்கு பக்கத்துலயும் சுருக்கமா குறிப்பு போட்டிருக்கும், சுதந்திரமா வந்தவர், இங்கயே பொறந்தவர், தண்டனை முடிச்சு விடுதலை ஆனவர்னு. அந்த மூணாவது குறிப்ப பேரப்பிள்ளைங்க கண்ணுல படாம மறைக்கிறதுக்கு குடும்பம் குடும்பமா பொய் சொன்னாங்க. கைதி நாத்தம் ஒட்டக்கூடாதுன்னே வான் டீமன்ஸ் லேண்டுங்கிற பேர 1856ல டாஸ்மேனியான்னு மாத்துனாங்க. 1970க்கு அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா மாறி, 1988ல 200வது வருஷம் வந்தப்ப எல்லாரும் தாத்தாவ தேட ஆரம்பிச்சாங்க, அயர்லாந்து அரசாங்கமும் கைதிங்க பதிவ தொகுத்து அன்பளிப்பா குடுத்துச்சு. அதனால ஈசூன் தம்பியோட பாட்டி வெக்கப்பட்டது அதிசயம் இல்ல, அதே காலத்துல இருந்த சிட்னி பாட்டிங்களும் வெக்கப்பட்டாங்க.


பழைய_ஏடு:

தம்பிகளே, நான் 34 வருஷம் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவன், நம்ம ஊர் பக்கத்த நான் சொல்றேன்.

நம்ம ஊர்ல பெரியவங்க ஒரு வார்த்தை சொல்லுவாங்க, "தீவாந்தரம் போனவன்"னு. தீவாந்தர சிட்சைன்னா கடல் தாண்டி அனுப்புற தண்டனை. அந்தமானுக்கு மட்டும்தான்னு இப்ப எல்லாரும் நெனைக்கிறாங்க, அந்தமானுக்கு முந்தி பினாங்கு, சுமத்ரா தீவுல இருக்கிற பெங்கூலன், மலாக்கா, சிங்கப்பூர் எல்லாம் தீவாந்தரம்தான். 1824 ஒப்பந்தத்துல பெங்கூலன டச்சுக்காரனுக்கு குடுத்ததும் அங்க இருந்த இந்தியக் கைதிங்கள 1825 ஏப்ரல்ல இங்க கொண்டு வந்தாங்க. முதல்ல வந்த 80 பேர் மெட்ராஸ் மாகாணத்து ஆளுங்க, நம்ம ஆளுங்க. ஒரு வாரம் கழிச்சு வங்காளத்து ஆளுங்க 120 பேர் சொச்சம். பெங்கூலன் ஸ்ட்ரீட்ல தினம் பஸ் ஏறி எறங்குறோம், அந்தப் பேரு எங்கருந்து வந்துச்சுன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

சதுப்ப தூத்து, காட்ட வெட்டி, நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு, சிராங்கூன் ரோடு, புக்கித் தீமா ரோடு, இதெல்லாம் கைதிங்க கைபட்ட ரோடுங்க. செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல், 1867லருந்து 69 வரைக்கும் கட்டுன இஸ்தானா, கடல்ல நிக்கிற ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் எல்லாம் அவங்க வேலைதான்.

இதுல ஒரு விசயம் கேளுங்க, 1833லருந்து இந்தக் கைதிங்கள வேலை வாங்குன அதிகாரி யாரு? ஜார்ஜ் கோல்மன். கோல்மன் ஸ்ட்ரீட் அவர் பேருதான். ஆர்மீனியன் சர்ச் கட்டுனவரு. எந்த ஊரு? அயர்லாந்துல டிராகடா. அங்க கார்க்லருந்து ஐரிஷ்காரன கைதியா சிட்னிக்கு ஏத்திட்டு இருந்த அதே வருஷங்கள்ல இங்க ஒரு ஐரிஷ்காரர் நம்ம கைதிங்கள வச்சு ரோடு போட்டுட்டு இருந்தாரு. அவர கெட்டவர்னு சொல்ல வரல, நல்ல கட்டடக்காரர். ஆனா ஒரே சாம்ராஜ்யம் ஒரே ஊர்க்காரங்கள்ல ஒருத்தன விலங்கு போட்டும் இன்னொருத்தன கோட்டு போட்டும் கடல் தாண்ட வச்சிருக்கு, அத கிளாஸ்ல சொன்னா பசங்க நிமிந்து உக்காருவாங்க.

ராஜா தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். இங்க வந்தவங்க எல்லாரும் பசிக்கு ஆடு திருடுனவங்கன்னு நானும் பூசி மெழுக மாட்டேன். கொலை பண்ணவங்க, வழிப்பறிக் கும்பல், வழிப்போக்கர கழுத்த நெரிச்சு கொள்ளையடிக்கிற தக்கி ஆளுங்க எல்லாம் கலந்துதான் வந்தாங்க, ஆயுள் தண்டனைக்காரங்க நெறைய. ஆனா வந்த அத்தனை பேரையும் காவல் காக்க வெள்ளக்காரன்கிட்ட ஆள் கிடையாது, அதனால கைதிங்கள்லயே நல்லா நடந்துக்கிறவங்கள வார்டராக்கி மத்த கைதிங்கள மேய்க்க விட்டான். ஆறு வகுப்பா பிரிச்சு, ஒழுங்கா இருந்தா மேல ஏறலாம், மேல் வகுப்புக்கு டிக்கெட் ஆஃப் லீவ். அக்கா சிட்னில சொன்ன அதே டிக்கெட்டுதான். அது வாங்குனவங்க மாட்டு வண்டி ஓட்டுனாங்க, மாடு வச்சு பால் ஊத்துனாங்க, கல்யாணம் கட்டி இங்கயே குடும்பமானாங்க. 1867ல சிங்கப்பூர் இந்தியா நிர்வாகத்துலருந்து பிரிஞ்சுச்சு, அப்புறம் 1873ல மிச்சம் இருந்தவங்கள அந்தமானுக்கு அனுப்பிட்டாங்க, டிக்கெட் வச்சிருந்தவங்க இங்கயே தங்கிட்டாங்க. ஈசூன் தம்பி, உங்க பாட்டன் அப்படி தங்குனவரா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். சர்க்கார் கப்பல்னா சிப்பாயா வந்தவரும் அதே வார்த்தைய சொல்லியிருப்பாரு. பேப்பர் பாக்காம முடிவு பண்ணாதீங்க.


காரைக்குடி_மேஸ்திரி:

நான் வரலாறு படிச்சவன் இல்ல சார், இங்க பத்து வருஷமா கன்ஸ்ட்ரக்சன் சைட்ல சூப்பர்வைசர். கதீட்ரல்னு சார் சொன்னதால எழுதுறேன். ஒரு ஞாயித்துக்கெழம சிட்டி ஹால்ல எறங்கி சும்மா உள்ள போனேன், அங்க இந்த பூச்சு பத்தி போட்டிருந்தத படிச்சிட்டு அப்படியே நின்னுட்டேன். மெட்ராஸ் சுனாம்னு போட்டிருக்கு. சுண்ணாம்பு, முட்டை வெள்ளக்கரு, கருப்பட்டி மாதிரி மொரட்டு சக்கர, இத நல்லா அடிச்சு கலந்து, தேங்கா மட்டைய ஊற வச்ச தண்ணிய ஊத்தி, செவுத்துல பூசி காஞ்சதும் பளிங்குக் கல்லால தேச்சு தேச்சு மெருகேத்துறது. சார் இது எங்க ஊரு வேலை சார். எங்க ஊர் வீட்டுத் தூண நீங்க தடவிப் பாத்தா கண்ணாடி மாதிரி வழுக்கும், கன்னத்த வச்சா ஜில்லுன்னு இருக்கும், நூறு வருஷம் ஆனாலும் வெடிக்காது. எங்க தாத்தா இந்த வேலைதான் பாத்தாரு. அவரு சொல்லுவாரு, அரைக்கிறதுல அவசரப்பட்டா செவுரு காட்டிக்குடுத்துடும்னு, நாள் கணக்குல அரைக்கணும், கை வெந்து போகும் சுண்ணாம்புல.

இத தெரிஞ்சவன் யாரோ ஒருத்தன் கைதியா இங்க வந்திருக்கான். 1856ல அடிக்கல் போட்டு 1862 ஆரம்பத்துல சர்ச் முடிஞ்சிருக்கு. அந்த ஆறு வருஷம் அவன் செவுத்த தேச்சுக்கிட்டு இருக்கும்போது என்ன நெனச்சிருப்பான்? மேஸ்திரியா கேக்குறேன், அடிமை வேலைன்னா ஒப்பேத்திட்டு போயிடலாம், யாரு கேப்பா. அவன் ஒப்பேத்தல. அது மட்டும் எனக்கு தெரியும். பேரு எங்கயும் இல்ல. அந்த ஐரிஷ்காரருக்காவது ஆடு திருடுனாருன்னு ஒரு வரி இருக்கு.


ஈசூன்_வாசி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, மேஸ்திரி அண்ணே நீங்க எழுதினத எங்க வீட்ல எல்லாருக்கும் வாசிச்சு காட்டுனேன். ராஜா, கோவமெல்லாம் இல்ல, நீங்க கேட்டதுதான் எங்க அப்பாவும் கேட்டாரு, எதுக்கு இதெல்லாம் கிண்டுறன்னு.

சார், எங்க தேடுறதுன்னு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க. பேரு ஒண்ணுதான் இருக்கு, அதுவும் பாட்டி சொன்ன செல்லப் பேரா உண்மைப் பேரான்னு தெரியல.


பழைய_ஏடு:

தம்பி, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவ சேத்து வெள்ளக்காரன் வச்ச பேரு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ், அதோட ஆவணங்க ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் ரெக்கார்ட்ஸ்னு கேனிங் ரைஸ்ல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, கைதிங்க பத்தின கடிதப் போக்குவரத்து அதுக்குள்ளதான் வரும். நெறைய ஆன்லைன்லயும் பாக்கலாம், ஆனா கையெழுத்துப் பிரதி, கண்ணு வலிக்கும், பழகுற வரைக்கும் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். தேசிய நூலகத்தோட பழைய பத்திரிகை தளத்துல 1845லருந்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தேடலாம், அங்க ஆரம்பிங்க. தமிழ்ப் பேர ஆங்கிலத்துல அவனவன் இஷ்டத்துக்கு எழுதியிருப்பான், முத்துங்கிற பேர நாலு விதமா எழுதிப் பாத்து தேடணும்.

பேப்பருக்கு முந்தி வீட்ல இருக்கிற பெரியவங்கள கேளுங்க. எந்த ஊரு எந்த வருஷம்னு நேரா கேட்டா வாய் தெறக்க மாட்டாங்க. அவர் எப்படி இருப்பாரு, என்ன உடுத்துவாரு, என்ன சாப்பிடுவாரு, இப்படி கேளுங்க. எங்க வீட்லயே இது பலிச்சிருக்கு.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. அந்தக் காலத்துல வங்காளம், மெட்ராஸ் மாகாணத்துல ஆயுள் தண்டனைக் கைதிங்களுக்கு நெத்தில குத்தத்த பச்சை குத்தி அனுப்புற வழக்கம் இருந்துச்சு. 1849ல அத நிறுத்திட்டாங்க. தண்டனை முடிஞ்சாலும் நெத்தி முடியாது, டிக்கெட் வாங்கி வெளிய வந்தாலும் கடைத்தெருவுல பாக்குறவன் எல்லாம் படிப்பான். ஐரிஷ்காரன் தழும்பு பேப்பர்ல மட்டும்தான் இருந்துச்சு, ஊரு மாத்திப் போனா புது ஆளு. நம்மாளுக்கு அந்த வழியும் இல்ல.


ஈசூன்_வாசி:

சார், நேத்து ஞாயித்துக்கெழம உட்லண்ட்ஸ்ல இருக்கிற எங்க பெரிய அத்தை வீட்டுக்கு போயிருந்தேன். அத்தைக்கு 81 வயசு, பாட்டியோட மூத்த மக. நீங்க சொன்ன மாதிரி ஊரு பேரு எதுவும் கேக்கல. டீ குடிச்சிட்டு, பாட்டியோட பாட்டன் எப்படி இருப்பாருன்னு பாட்டி எப்பவாவது சொல்லியிருக்காங்களா அத்தைன்னு மட்டும் கேட்டேன், நீங்க எழுதின பச்சை விசயம் எதுவும் நான் அவங்க கிட்ட சொல்லல, சத்தியமா.

அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எங்கம்மாவும் பாத்ததில்லடா, அவங்க அப்பா சொல்லி கேட்டதுதான்"னாங்க. ரெண்டு மாடு வச்சிருந்தாராம், பால் ஊத்துவாராம், நல்ல உயரமாம். அப்புறம் சொன்னாங்க, "தலப்பா கழட்டவே மாட்டாராம். புருவம் வரைக்கும் எறக்கிக் கட்டுவாராம். படுக்கும்போதும் தலப்பாவோடதானாம். குளிக்கிறதுக்கு எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி தனியா கெணத்துக்கு போயிடுவாராம், பேரப்பிள்ளைங்க விளையாட்டுக்கு இழுத்தா கூட கைய தட்டி விட்டுருவாராம்."

எதுக்கு அப்படின்னு நான் கேட்டேன். "தலைல சூடு ஏறக்கூடாதுன்னு"ன்னு சொல்லிட்டு அத்தை கப்ப எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

வர்ற சனிக்கெழம கேனிங் ரைஸ் போறேன். அத்தையும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.